மிஸ்மாருக்கு வைத்த மருந்து

மிலூதியின் வலது கால் பெருவிரலைப் பற்றித் தெரியாதவர்கள் துக்காலா சமவெளியில் இல்லை. சந்தையில் அவரைப் பார்ப்பவர்கள் முதலில் விரலை விசாரிப்பார்கள், அப்புறம்தான் மழையை. "விரல் எப்படி இருக்கு, முக்கத்தம்?" என்று தூரத்திலிருந்தே குரல் வரும். குதிரைக் கூட்டத்தின் தலைவருக்கு அங்கே முக்கத்தம் என்று பெயர். பதினைந்து குதிரைகள் ஒரே வரிசையில் நின்று, ஒரே நேரத்தில் பாய்ந்து, ஓட்டத்தின் முடிவில் பதினைந்து பேரும் அங்கவடியில் எழுந்து நின்று, அத்தனை துப்பாக்கிகளையும் ஒரே வெடியாக வெடிக்க வேண்டும். எப்போது எழுவது, எப்போது சுடுவது என்று குரல் கொடுப்பவர் நடுக்குதிரையில் இருக்கும் முக்கத்தம். அவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள்.

ஓடும் குதிரையில் அங்கவடியை மிதித்து எழுந்து நிற்பவனின் எடை முழுவதும் பெருவிரலின் அடிமூட்டில் இறங்கும். மிலூதிக்கு அறுபத்தொன்பது வயது. அந்த மூட்டில்தான் நான்கு ஆண்டுகளாக நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

அந்த மே மாதத்தில் ஒரு காலை, அல்ஜதீதா நகரத்தில் சிறுநீரக மருத்துவர் கன்ஸாவின் மேஜைக்கு முன்னால் மிலூதியும் மனைவி யாம்னாவும் உட்கார்ந்திருந்தார்கள். கன்ஸா ரத்தப் பரிசோதனையை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறையும் படித்தார்.

"யூரிக் அமிலம் இறங்கியிருக்கு ஹாஜி. போன கோடையில ஒன்பதரை. இப்ப ஏழு. நான் குடுத்த வெள்ளை மாத்திரை வேலை செய்யுது."

"அல்ஹம்துலில்லாஹ். ஆனா நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல மகளே."

"போவீங்க. ஆனா சந்தோஷப்பட அவசரப்படாதீங்க. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுற அளவும் சேர்ந்து இறங்குது. நாப்பத்தஞ்சு இருந்தது, முப்பத்தாறு ஆச்சு, இப்ப இருபத்தொன்பது. வயசானா கொஞ்சம் குறையும், அது சகஜம். இது படிக்கட்டுல உருள்ற மாதிரி இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வலி மாத்திரை ஏதாவது?"

"தொடல."

"வலி ஊசி? மருந்துக்கடைக்குப் போய்ப் போட்டுக்கறது?"

"அந்தக் கடைக்காரனே என் முகத்தை மறந்துட்டான்."

"அல்லாஹ் மேல சத்தியமா?"

"அல்லாஹ் மேல சத்தியமா. ஒரு மாத்திரை கிடையாது, ஒரு ஊசி கிடையாது. நீங்க குடுத்ததைத் தவிர."

யாம்னா முன்னால் சாய்ந்தாள். "டாக்டரம்மா, இந்த மனுஷனோட ஜெல்லாபா அங்கிப் பை எல்லாத்தையும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் உதறிப் பாக்குறேன். தலையணை உறைக்குள்ளயும் கையை விட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. இந்த ஒரு விஷயத்துல இவர் யோக்கியர்."

"இந்த ஒரு விஷயத்துலயா?" என்றார் மிலூதி.

"மத்த விஷயத்தை டாக்டரம்மா கேக்கலையே."

கன்ஸா சிரிக்கவில்லை. "அப்போ நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். "இதே வேகத்துல போனா, குளிர்காலத்துக்குள்ள ரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு ஏற்பாடு பண்ணணும் ஹாஜி. அதுக்கு முன்னாடி கையில ஒரு சின்ன ஆபரேஷன். இடது கையில. அதுக்கப்புறம் அந்தக் கையால கனமா எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது."

மிலூதி இடது கையைத் திருப்பிப் பார்த்தார். வலது கை துப்பாக்கிக்கு. இடது கை கடிவாளத்துக்கு.

"குதிரையை இழுத்துப் பிடிச்சா?"

"அந்தக் கையால கூடாது. வாரத்துல மூணு நாள் இங்க வந்து படுத்துக்கணும் வேற. கந்தூரி, குதிரை எல்லாம்..." என்று இழுத்தார்.

கந்தூரி ஆகஸ்டில். மகான் சீதி மக்பூலின் கல்லறைக்கு எதிரே உள்ள மைதானத்தில் சுற்றுவட்டாரத்துக் குதிரைக் கூட்டங்கள் எல்லாம் வந்து ஓடும். அதில் நடுக்குதிரையைக் கடைசி மூச்சு வரை விடுவதில்லை என்று மிலூதி ஊரறியச் சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் ஒன்றையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். தான் பொய் சொல்லவில்லை. மாத்திரை இல்லை என்றார், இல்லைதான். ஊசி இல்லை என்றார், இல்லைதான். பொடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பொடி மிஸ்மாருடையது. மிஸ்மார் அவருடைய சாம்பல் நிறக் குதிரை. குட்டியாக இருந்தபோதே பிடிக்காத இடத்துக்கு இழுத்தால் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். அதனால் ஆணி என்றே பெயர் வைத்தார்கள். சென்ற குளிர்காலத்தில் அதன் முன்னங்காலில் தசைநார் வீங்கி நொண்டியபோது, கால்நடை மருத்துவர் வஹீத் ஒரு வாரத்துக்குப் பொடி கொடுத்தார். வாற்கோதுமையில் கலந்து வைத்த மறுநாளே குதிரை நேராக நடந்தது.

அன்றைக்கு மிலூதியின் விரலும் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளை மாத்திரை சாப்பிட ஆரம்பித்த புதிது. மூட்டில் கண்ணாடித்தூள் போலப் படிந்திருக்கும் உப்பு கரையத் தொடங்கும்போது சில மாதங்களுக்கு வலி கூடவும் செய்யும், பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று கன்ஸா முன்பே சொல்லியிருந்தார். மிலூதி நிறுத்தவில்லை. ஆனால் வலியோடு லாயத்தில் உட்கார்ந்து குதிரையின் நடையைப் பார்த்தார், தன் காலையும் பார்த்தார். அப்புறம் கணக்குப் போட்டார். குதிரை தன்னைப்போல் ஆறு மடங்கு எடை. அப்படியானால் பொட்டலத்தில் ஆறில் ஒரு பங்கு தனக்குப் போதும். அவசரப்படுகிற ஆள் இல்லை அவர். பொடியைத் தட்டில் கொட்டி, கத்தி முனையால் ஆறு கோடுகளாகப் பிரித்து, ஒரு கோட்டை அத்திப்பழ ஜாமில் குழைத்து விழுங்கினார். சாயங்காலம் செருப்பு மாட்ட முடிந்தது.

அதிலிருந்து விரல் கொதிக்கும்போதெல்லாம் அத்திப்பழ ஜாம்தான். பொட்டலம் தீர்ந்தால், வஹீத் இல்லாத நேரமாகப் பார்த்து, மிஸ்மாரின் பொடி என்று கேட்டு அவர் கடையில் வாங்கிக்கொண்டார். மருந்துக்கடை மருந்து இல்லை, மனுஷ மருந்தும் இல்லை. வலி மாத்திரை தொடுவதில்லை என்று டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்கில் இது சேராது. அதுவும் அந்த வீட்டிலேயே நன்றாகக் கவனிக்கப்படும் உயிர் குதிரைதான். அதற்கு ஒத்துக்கொண்டது தனக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

ஜூனில் வஹீத் வந்தார். கந்தூரி மைதானத்தில் எந்தக் குதிரை இறங்கலாம், எது கூடாது என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. மிஸ்மாரின் முன்னங்காலை மடக்கினார், நீட்டினார், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே குளம்புவரை போனார். மிலூதி கடிவாளத்தைப் பிடித்திருந்தார். சித்தப்பா மகன் ஷர்கி, வரிசையில் அவருக்கு வலப்பக்கம் ஓடுபவன், கதவில் சாய்ந்து நின்றான். ஐம்பது வயதிலும் அவனுக்கு நடுக்குதிரை மேல் ஒரு கண் உண்டு. அதை அவன் மறைத்ததும் இல்லை. யாம்னா புதினாத் தேநீரோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"கால் தங்கம்," என்றார் வஹீத். "பொடியை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு இல்ல, சாச்சா?"

மிலூதி குதிரையின் பிடரியைத் தடவினார். "ஆச்சு, ஆச்சு."

"போன வாரம்கூட அதை வாங்கத்தானே உங்க கடைக்குப் போனோம்," என்றான் ஷர்கி. "நான்தானே வண்டியில கூட்டிட்டுப் போனேன். நீங்க ஊர்ல இல்ல. உங்க தம்பி எடுத்துக் குடுத்தான்."

வஹீத் குதிரையின் காலைக் கீழே விட்டார். "போன வாரமா? சாச்சா, பனிக்காலத்துலேர்ந்து இவனுக்கு இன்னும் குடுத்துக்கிட்டா இருக்கீங்க?"

இங்கேதான் மிலூதி உண்மையாகவே ஒரு பொய் சொன்னார். அதுவும் சின்னதாக. "அப்பப்ப. அவனுக்கு வலிச்சா."

"குதிரை வந்து உங்ககிட்ட வலிக்குதுன்னு சொல்லிச்சா?" வஹீதின் குரல் கூரையில் மோதியது. "இவனைக் கொல்லவா பாத்தீங்க? இந்தப் பொடி வலியை மறைக்கும், அவ்வளவுதான். உள்ள வயித்தைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தை அரிச்சுத் தின்னுடும். அதுவும் வயசான உடம்பு, வெயில் காலம், தண்ணி வேற கொறச்சலாக் குடிச்சா முடிஞ்சுது கதை."

"சிறுநீரகத்தையா?" என்றார் மிலூதி.

"ரெண்டையும்."

மிலூதியின் கை பிடரியிலேயே நின்றுவிட்டது.

"ரத்தம் எடுத்து ரபாத்துல இருக்கற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும்," வஹீத் பையைத் திறந்தார். "நான் சரின்னு சொல்ற வரைக்கும் இவன் மைதானத்துல கால் வைக்கக் கூடாது. இந்த வருஷக் கந்தூரியை மறந்துடுங்க சாச்சா. என் மேல கோவப்படாதீங்க. தப்பு உங்க மேல."

மிஸ்மார் ஒரு காதைத் திருப்பியது. ஒன்றும் அறியாத அந்த முகத்தை மிலூதி பார்த்தார். பனிக்காலத்தில், குதிரை நேராக நடந்த அன்றைக்கே அதற்குப் பொடியை நிறுத்தியவர் அவர். அதிகம் வைக்கக் கூடாது என்று வஹீத் சொன்ன ஒரே சொல்லுக்காக நிறுத்தினார். தண்ணீர்த் தொட்டியை நாளெல்லாம் நிரப்பி வைத்தார். குதிரையின் சிறுநீரின் நிறத்தைக்கூடக் குனிந்து பார்த்தவர். அப்படியெல்லாம் காப்பாற்றிய உயிரை இப்போது தன் வாயாலேயே மைதானத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார். இருபத்தொன்பது என்ற எண் நினைவுக்கு வந்தது. படிக்கட்டில் உருள்வது யார் என்பதும் புரிந்தது.

"அவனை விட்டுடு," என்றார். "அவன் பனிக்காலத்துக்கு அப்புறம் ஒரு சிட்டிகைகூடத் தின்னல."

"அப்போ பொடி எங்க போச்சு?"

"நான் தின்னேன்."

யாம்னா தேநீர்த் தட்டை வைக்கோல் கட்டின் மேல் வைத்தாள். ஒரு கண்ணாடிக் குவளைகூடச் சாயாமல் வைத்தாள்.

"எதுல?" என்றாள்.

"என்ன எதுல?"

"எதுல கலந்து தின்ன?"

"அத்திப்பழ ஜாம்ல."

"என் ஜாம்லயா!" யாம்னாவின் குரலுக்கு மிஸ்மாரே ஒரு எட்டு பின்வாங்கியது. "ஜெல்லாபாவை உதறினேன். தலையணையை உதறினேன். டாக்டரம்மா முன்னாடி உக்காந்து இந்த மனுஷன் யோக்கியன்னு சாட்சி சொன்னேன். குதிரையை உதறிப் பாக்கணும்னு எனக்குத் தோணலையே, யா ரப்பி!"

ஷர்கி கதவோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வரவில்லை. "அண்ணே, வாற்கோதுமையும் ருசி பாத்தீங்களா? லாடம் எப்ப அடிக்கணும், சொல்லுங்க."

வஹீத் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் வெளுத்திருந்தது. "இது மனுஷனுக்கானதே இல்ல சாச்சா. ரத்தத்தையே வத்த வெச்சுடும். வண்டியை எடு, ஷர்கி. ரத்தம் எடுக்கணும். குதிரைக்கு இல்ல, இவருக்கு."

கன்ஸா முழுவதையும் கேட்டார். பொட்டலம், கத்தி முனை, ஆறு கோடு, ஜாம். ஆறால் வகுத்ததை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மிலூதி பயந்துபோனார். கையை எடுத்தபோது மருத்துவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"மாத்திரை கேட்டேன், ஊசி கேட்டேன், நாட்டு மருந்து, கஷாயம், பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தது எல்லாம் பட்டியல் போட்டுப் போன வருஷமே கேட்டேன். குதிரையைக் கேக்காம விட்டுட்டேன் பாருங்க."

"என் மேல கோவம் இல்லையா?"

"நிறைய இருக்கு. அதைவிட நிம்மதி ஜாஸ்தியா இருக்கு. இத்தனை மாசமா எதிரி யாருன்னே தெரியாமச் சண்டை போட்டேன் ஹாஜி. உங்க சிறுநீரகம் தானா கெட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதைக் கெடுத்தது ஒரு பொட்டலம்னா, பொட்டலத்தை நிறுத்தலாம். போனது முழுக்கத் திரும்பாது. கொஞ்சம் திரும்பலாம். வயசான சிறுநீரகம் மெதுவாத்தான் எழுந்திரிக்கும், ஆனா எழுந்திரிக்கும்."

ரத்தத்தில் வேறு கேடு இல்லை என்று மறுநாள் தெரிந்தது. வெள்ளை மாத்திரையின் அளவைக் கன்ஸா சிறிது கூட்டினார். ஒரேயடியாகக் கூட்ட மாட்டேன், பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏற்றுவேன் என்றார். ஈரல், மத்தி மீன், அடுத்தவர் வீட்டு விருந்தில் மூன்றாம் தடவை கறி, தேநீரில் போடும் சர்க்கரைக் கட்டி ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார். தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"எவ்வளவு?"

யாம்னா பதில் சொல்லிவிட்டாள். "மிஸ்மார் குடிக்கும்போதெல்லாம் இவரும் குடிக்கட்டும். அவன் மருந்தைத் தின்னவருக்கு அவன் தண்ணி மட்டும் ஆகாதா?"

கன்ஸா அதையே எழுதிக்கொண்டார்.

"விரல் மறுபடி கொதிச்சா?" என்று கேட்டார் மிலூதி. அவருக்கு உண்மையில் கேட்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"எனக்கு ஃபோன் பண்ணுவீங்க."

"நானா?"

"நீங்கதான். யாம்னா அம்மா இல்ல, உங்க தம்பி இல்ல."

ஜூலையில் விரல் கொதித்தது.

முன்பெல்லாம் வந்ததைவிடக் கொடுமையாக வந்தது. போர்வையின் ஓரம் பட்டாலும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அறுவடை முடிந்த வயலில் பயிற்சி நடந்தது. ஜன்னல் வழியாகத் தூசி எழுவதைப் பார்த்தபடி மிலூதி படுத்திருந்தார். நடுக்குதிரையில் ஷர்கி. அவனுடைய குரல் வந்தது, அப்புறம் வெடி வந்தது. ஒரு வெடி இல்லை. சோளம் பொரிவதுபோலப் படபடவென்று நாலைந்து.

"வெக்கமா இருக்கு," என்றார்.

"அவனுக்கா, உனக்கா?" என்று கேட்டாள் யாம்னா. அவள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு. நான் இருந்தா ஒரே வெடி."

யாம்னா சமையலறைக்குப் போனதும் அவர் எழுந்தார். சுவரைப் பிடித்து, ஒரு காலால் தத்தித் தத்தி லாயத்துக்குப் போனார். பயிற்சிக்கு ஷர்கி தன் சொந்தக் குதிரையில் போயிருந்தான். மிஸ்மார் கொட்டடியில் நின்றது. சேணத்தின் அடித்துணியில் ஒரு பொட்டலம் இன்னும் இருந்தது. மிச்சமிருந்த பொட்டலங்களை வஹீதிடம் ஒப்படைத்தபோது இது ஒன்று மட்டும் அவருக்கு 'மறந்துபோயிருந்தது.' எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறில் ஒரு பங்குகூட வேண்டாம், அதிலும் பாதி. இன்று மட்டும். நாளை குதிரை ஏறிவிடலாம்.

மிஸ்மார் தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கியது. அதன் கழுத்தில் தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு மடக்கும் வெளியே தெரிந்தது. இரண்டு வாரமாக அந்தச் சத்தம் கேட்டால் மிலூதியின் கை தானாகச் செம்பைத் தேடும். இப்போதும் தேடியது. பக்கத்திலிருந்த செம்பில் முகர்ந்து குடித்தார். குதிரை நிறுத்தும்வரை குடித்தார். இடது கையில் பொட்டலம் இருந்தது. கடிவாளக் கை.

பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"டாக்டரம்மா," என்றார், "நான் மிலூதி. வலிக்குது."

அறுபத்தொன்பது வயதில் அந்த ஒரு சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாம்னாவிடம்கூட 'லேசா இருக்கு' என்றுதான் சொல்வார். எதிர்முனையில் கன்ஸா எப்போதிலிருந்து, வீக்கம் எவ்வளவு என்று கேட்டார். பிறகு சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யாத வேறொரு மருந்தைச் சில நாளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எப்போது தொடங்க வேண்டும், எப்போது கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னார். பொட்டலத்தை மிலூதி யாம்னாவின் கையில் கொடுத்தார். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வஹீதுக்கு அனுப்பிவிட்டு, ஜாம் ஜாடியையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. அந்த வாரக் கடைசியில் அவர் வயலுக்கு நடந்துபோனார், கம்பு இல்லாமல்.

கந்தூரிக்கு முந்தைய வாரம் கன்ஸாவின் மேஜைமேல் புதிய பரிசோதனை இருந்தது. அவர் அதை ஒரே ஒருமுறைதான் படித்தார்.

"யூரிக் அமிலம் அஞ்சரை," என்றார். "வடிகட்டுற அளவு நாப்பத்திரண்டு."

மிலூதி யாம்னாவைப் பார்த்தார். யாம்னா மருத்துவரைப் பார்த்தாள். "ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு. உருண்ட படிக்கட்டுல பாதிக்கு மேல ஏறி வந்துட்டார். மெஷின் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். மாத்திரையை நிறுத்தாம, தண்ணியை மறக்காம, மூணு மாசத்துக்கு ஒருதடவை எனக்கு ரத்தம் குடுத்துக்கிட்டிருந்தாப் போதும்." கன்ஸா அவருடைய இடது மணிக்கட்டை லேசாகத் தட்டினார். "இந்தக் கை உங்களோடது ஹாஜி. வெச்சுக்குங்க."

சீதி மக்பூலின் மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள் முளைத்திருந்தன. விருந்து கொடுத்த வீட்டுக்காரர் கொழுப்புச் சவ்வில் சுற்றிச் சுட்ட ஈரல் கம்பிகளில் முதல் கம்பியை, வழக்கப்படி, முக்கத்தத்தின் கையில் கொடுத்தார். வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு அவமானம். மிலூதி எழுந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கைகளாலும் வாங்கி, எல்லோரும் பார்க்க அதை ஷர்கியிடம் நீட்டினார்.

"நான் படுத்துக் கிடந்தப்போ வரிசையைக் கலைய விடாமக் காப்பாத்தினவன் இவன். முதல் கம்பி இவனுக்கு."

கூடாரமே வாழ்த்தியது. வீட்டுக்காரர் கண் கலங்கினார். ஷர்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தின்றான். மூன்றாவது துண்டில்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, இது மரியாதையா, இல்ல உங்க வியாதியை எனக்குத் தள்ளி விடுறீங்களா?"

"மெல்லு. பேசாத."

முதல் ஓட்டம் சொதப்பியது. குதிரைகள் நன்றாகத்தான் பாய்ந்தன. மிலூதி குரல் கொடுத்து எழுந்தார். ஆனால் வெடி இரண்டாக உடைந்தது, டப், டப் என்று. கூட்டம் முணுமுணுத்தது. வயசாச்சு என்று யாரோ சொன்னது மைதானத்தின் இந்தக் கோடிவரை கேட்டது.

குதிரைகளைத் திருப்பி நடத்திக்கொண்டு வரும்போது ஷர்கி பக்கத்தில் ஒட்டினான். இந்தத் தடவை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"அண்ணே, இடது கால்ல மட்டும் நின்னீங்க. உடம்பு ஒரு பக்கமாச் சாஞ்சுது. உங்களைப் பாத்து எழுந்திரிக்கிற நாங்க எப்ப எழுந்திரிக்கறதுன்னு தெரியாமத் தடுமாறிட்டோம். விரல் வலிக்குதா?"

மிலூதி யோசித்தார். அங்கவடிக்குள் வலது விரலை மடக்கினார், நீட்டினார், இரும்புத் தகட்டில் அழுத்தினார். ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டுகளாக வலிக்குப் பயந்து பழகிய கால், வலி போன பிறகும் பயந்துகொண்டிருந்தது.

"வலிக்கல," என்றார். "வலிக்கவே இல்ல, ஷர்கி."

"அப்ப நில்லுங்க. இல்லாட்டி இறங்குங்க, நடுக்குதிரையில நான் உக்காருறேன்."

"உன் ஈரல் செரிக்கட்டும் முதல்ல."

வரிசை நின்றது. மிஸ்மார் ஆணி அடித்தாற்போல் அசையாமல் நின்று, மூச்சை மட்டும் பெரிதாக விட்டது. மிலூதி குரல் கொடுத்தார். பதினைந்து குதிரைகளும் ஒரு சுவர் நகர்வதுபோல் கிளம்பின. மண் அதிர்ந்தது, ஜெல்லாபாக்கள் காற்றில் உப்பின. மைதானத்தின் பாதியைத் தாண்டியதும் அவர் இரண்டு கால்களையும் ஊன்றினார். வலது காலைக் கொஞ்சம் அதிகமாகவே ஊன்றினார். எழுந்தார், நேராக, நட்டுவைத்த கம்பம்போல. இடது கையில் கடிவாளம் இறுகியது. வலப்பக்கமும் இடப்பக்கமும் பதினான்கு பேர் அவரோடு எழுந்தது பார்க்காமலே தெரிந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து கடைசிக் குரலைக் கொடுத்தார்.

ஒரே ஒரு வெடி.

அவ்வளவு சுத்தமான ஒரு வெடி. சத்தம் கல்லறையின் வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பி வந்தபோதும் ஒன்றாகவே வந்தது. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை எழுந்தது, தனியாக, மிக நீளமாக. கூட்டத்தில் முன்னால் வந்து நிற்கும் பழக்கமே இல்லாத யாம்னா, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றையும் தாண்டி நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தாள். நூறு குரல்கள் அவளோடு சேர்ந்துகொண்டன. வயசாச்சு என்று சொன்னவன் தொப்பியை மேலே எறிந்தான்.

புகைக்குள்ளிருந்து மிஸ்மார் தானாகவே அவளிடம் நடந்து வந்தது. நான்கு ஆண்டுகளாக மிலூதி இறங்குவதற்கு ஒரு மரப்பெட்டி போட வேண்டும், ஷர்கி தோள் கொடுக்க வேண்டும். இன்றைக்கு அவர் பேசிக்கொண்டே காலை வீசித் தரையில் குதித்தார். "கேட்டியா? ஒண்ணு! ஒண்ணுதான்!" என்றார்.

யாம்னா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். "மனுஷா, எந்தக் கால்ல இறங்கின?"

அவரும் குனிந்து பார்த்தார். வலது கால், புழுதியில் முழுப் பாதமும் பதிந்து, உடம்பு மொத்தத்தையும் தாங்கிக்கொண்டு சாதாரணமாக நின்றிருந்தது.

"பெட்டி எங்கடான்னு தேடிக்கிட்டு வந்தா..." என்று பின்னாலிருந்து ஷர்கி சொன்னான். மரப்பெட்டி அவன் கையில் இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அவனே உட்கார்ந்துகொண்டான்.

மிலூதி இடது கையால் கடிவாளத்தை இழுத்து, மிஸ்மாரைத் தொட்டிக்கு நடத்திப் போனார். குதிரை தலையைக் குனிந்து உறிஞ்சத் தொடங்கியது. யாம்னா ஒரு செம்பை நீட்டினாள். வாழ்த்த வந்தவர்கள் சுற்றிலும் காத்து நின்றார்கள். மிஸ்மார் வெகுநேரம் குடித்தது. அவரும் விடவில்லை.